சுவருக்குப் பின்னால் போன மைக் வயர்

பாக்தாதில் பாப் அல் ஷர்கி சந்தையில் என் கடைக்கு எதிர்க்கடை ஹாதிமுடையது. நான் விற்பது ரெடிமேட் மைக் வயர். சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். இரண்டு முனையிலும் சொருகுகிற பின்னை ரப்பரோடு சேர்த்து வார்த்து, சிவப்பு, நீலம் என்று நிறம் கொடுத்து, நெடுகக் கம்பெனிப் பெயரை அச்சடித்திருப்பார்கள். ஹாதிம் துக்க வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். இருந்தும் என்னிடம் ஒரு வயர்கூட வாங்கியதில்லை. தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்வான்.

"உன் வயரைத் துணி காயப்போடக் கட்டலாம் அபூ மாஹிர்," என்பான். "அதுக்கும் நீளம் பத்தாது."

மாஹிருக்கு அப்பன் என்பதால் நான் அபூ மாஹிர். ஹாதிமுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவனை எங்கள் ஊரில் அபூ காயிப் என்று கூப்பிடுவோம். இன்னும் வந்து சேராத மகனுக்கு அப்பன் என்று அர்த்தம். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அவனுக்கு அந்தப் பெயர்தான். அவன் மனைவி விதாத் அரசாங்கத் தையல் ஆலையில் வேலை பார்த்தவள். ஆலை மூடிய பிறகு வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி சாதூன்தான் ஹாதிமுக்குத் தொழிலில் கூட்டாளி.

ஈரானோடு நடந்த போரில் ஹாதிம் பட்டாளத்தின் தந்திப் பிரிவில் இருந்தான். குண்டு விழுந்து அறுந்த டெலிபோன் வயரைத் தேடிப்போய் ஒட்டுப்போட்டு வருவது அவன் வேலை. அங்கே பிடித்த பழக்கம் விடவில்லை. பழைய சாமான் சந்தையில் பட்டாளத்து வயர் சுருள் எங்காவது கிடந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். பச்சையும் இல்லாத கறுப்பும் இல்லாத ஒரு நிறம். உள்ளே இரண்டு கம்பி, அவற்றைச் சுற்றி நெருக்கமாகப் பின்னிய செம்பு வலை. அந்த வலைதான் ஜெனரேட்டர் இரைச்சலை உள்ளே விடாமல் தடுக்கும் என்பான். கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முனையைச் சீவி, வலையை முறுக்கி, ஈயத்தை உருக்கி விட்டுப் பின்னில் பற்றவைப்பான். புகை என் கடை வரைக்கும் வரும்.

நாங்கள் இதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. என் கட்சி எளியது. வாங்கு, சொருகு, போனால் வேறொன்று வாங்கு, இதற்காக ஒரு மனுஷன் முதுகு வளைய உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பேன். முல்லா ஓதிக்கொண்டிருக்கும்போது வயர் நடுவில் செத்துப்போனால் உன் ரப்பர் வார்ப்பை எந்தப் பல்லால் கடித்துத் திறப்பது என்று அவன் கேட்பான். சாதூன் என் கட்சி. பருத்த உடம்பு, கூர்மூக்குச் செருப்பு, எந்தத் துக்க வீட்டிலும் வாசலைத் தாண்டியதும் சிரிக்க வைக்கிறவன். மச்சானுக்குத் தெரியாமல் என்னிடம் சிவப்பு வயர் ஒன்று வாங்கிப்போய்ச் செட்டில் போட்டுவிட்டான். ஹாதிம் அதைக் கண்டுபிடித்து, என் கண் முன்னாலேயே கத்தரியால் முனையை வெட்டிக் காட்டினான். உள்ளே வலை என்ற பெயரில் நாலு மயிர் போலக் கம்பி ஓடியது.

"இதுல பூனை நடந்தாக்கூட ஸ்பீக்கர்ல கேக்கும்," என்றான்.

"கேட்டா என்ன மச்சான்? செத்தவரு எழுந்து வந்து கொறை சொல்லப் போறாரா?" என்றான் சாதூன்.

மதப் பிரிவுகள் ஒன்றையொன்று கொல்லத் தொடங்கிய வருஷம் வரைக்கும் எங்களுக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது.

அதற்குப் பிறகு பாக்தாதில் சாவு கூடியது. சாவு கூடினால் துக்கம் கேட்கத் தெருவில் போடும் கூடாரம் கூடும், கூடாரம் கூடினால் மைக் செட்டுக்கு ஓய்வு இருக்காது. ஹாதிமும் சாதூனும் ஒரு தெருவில் கழற்றியதை அப்படியே அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். பிறகு குண்டு வைக்கிறவர்கள் கூடாரங்களையே தேடிவரத் தொடங்கினார்கள். துக்கம் கேட்க வருகிறவனைச் சோதிப்பது மரியாதை இல்லை என்பதால் வாசலில் யாரும் யாரையும் தடவிப் பார்ப்பதில்லை. இடுப்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவன் துக்க வீட்டில் கொடுக்கும் கசப்புக் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வெடித்தான் என்றெல்லாம் கேள்விப்பட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஹாதிம் கடையைத் திறந்து, இருந்த பட்டாளத்து வயரையெல்லாம் தெருவில் இழுத்துப் போட்டான். துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினான். ஒவ்வொரு ஒட்டையும் ஈயத்தால் பற்றவைத்து, மேலே உறை மாட்டி, நெருப்புக் காட்டி இறுக்கினான். சுற்றி முடித்தபோது சுருள் டிராக்டர் டயர் அளவுக்கு இருந்தது. யாராலும் கடையில் போய் அந்த நீளத்துக்கு வாங்க முடியாது.

எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்டேன். ஜெனரேட்டரை விட்டு ஆம்ப்ளிஃபயரைத் தள்ளி வைத்தால் இரைச்சல் குறையும் என்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சுருளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து அவன் கூடாரத்துக்குள் உட்காருவதில்லை. ஏதாவது ஒரு சந்து முனையில், கெட்டியான சுவர் ஒன்றைப் பார்த்து, அதற்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அங்கிருந்து கூடாரம் வரைக்கும் வயர் தரையோடு போகும். ஆனால் முல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஓதுகிறவர் தலையைத் திருப்புவார், சாய்வார், மைக் கீச்சிடும். யாராவது அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் சாதூன்.

சாதூனுக்கு அதில் மனக்குறை இல்லை. உள்ளே இருந்தால் தட்டில் சிகரெட் வரும், காப்பி வரும், ஊர்ப் பெரிய மனிதர்கள் பக்கத்தில் உட்காரலாம். மச்சானைத்தான் கேலி செய்வான். தெருவில் எல்லோரும் கேட்க, "எங்க மச்சானுக்குத் துக்கம் தாங்காது, அதான் பக்கத்து ஊர்ல உக்காந்து அழுவாரு," என்பான். ஹாதிம் ஒருதரம் அவனையும் வெளியே வரச் சொல்லியிருக்கிறான். மைக்கை ஒரு கம்பத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்துவிடு, கீச்சிட்டால் கீச்சிடட்டும் என்றானாம். துக்க வீட்டுக்காரன் தன் அப்பனுக்காக முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நான் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்தால் நாளைக்கு எவன் நம்மைக் கூப்பிடுவான் என்று சாதூன் சொல்லிவிட்டான். பேச்சு அதோடு நின்றது.

அது நடந்தது ஒரு ரொட்டிக்கடைக்காரர் வீட்டுத் துக்கத்தில். ஆற்றுக்கு இந்தப் பக்கம், நல்ல அகலமான தெரு. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஹாதிம் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்குப் பின்னால் இருந்தான். முல்லா ஜலீல் ஓதிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் அவர் குரல் மங்கியது. உடனே சரியானது. சாதூன் மைக்கை நகர்த்தியிருக்கிறான் என்று ஹாதிமுக்குத் தெரிந்தது. அடுத்து வெடித்தது.

பின்னால் நடந்ததை அவன் எனக்கு ஒரே ஒருமுறைதான் சொன்னான். காதில் எதுவும் கேட்கவில்லையாம். சுவர் நின்றது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. எழுந்தான். கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை, புகை மூடிக் கிடந்தது. காலடியில் வயர் கிடந்தது. அதைக் கையில் எடுத்தான். பட்டாளத்தில் அறுந்த இடத்தைத் தேடிப் போவது போலவே, வயரைக் கையில் வாங்கி வாங்கிச் சுருட்டிக்கொண்டே அதன் வழியாக நடந்தான். மறுமுனையில் சாதூன் இருப்பான் என்பது மட்டும் மனதில் இருந்ததாம்.

சாதூன் இருந்தான். முல்லா ஜலீல், ரொட்டிக்கடைக்காரரின் இரண்டு மகன்கள், இன்னும் எத்தனையோ பேர் அவனோடு செத்துக் கிடந்தார்கள்.

ஓடிவந்தவர்கள் பார்த்தது வேறு. வெடித்த இடத்திலிருந்து ஒரு வயர் தரையோடு போகிறது. அது ஒரு சுவருக்குப் பின்னால் போய் முடிகிறது. அங்கிருந்து ஒருவன், மேலில் ரத்தமில்லாமல், அதைச் சுருட்டிக்கொண்டு வருகிறான். கடையில் விற்கிற சிவப்பு வயராக இருந்திருந்தால் ஒருவேளை மைக் வயர் என்று யாருக்காவது தோன்றியிருக்கும். இதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, பட்டாளத்து நிறம், நெடுக ஒட்டு. இவன்தான் வெடிக்க வைத்தான் என்று எவனோ ஒருவன் கத்தினான். மற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. போலீஸ் வந்திராவிட்டால் அவனை அங்கேயே கொன்றிருப்பார்கள். போலீஸ் வந்து கொண்டுபோனது.

விதாத் என்னிடம் வந்தாள். அன்று காலையில்தான் தம்பியை அடக்கம் செய்திருந்தார்கள். கறுப்பு அபாயா அங்கியின் ஓரம் முழுக்க மண்.

"அபூ மாஹிர், மைக் வயருன்னா என்னன்னு தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான். வந்து சொல்லுங்க," என்றாள்.

நான் கடையிலிருந்து சிவப்பு வயர் ஒன்றை எடுத்துக்கொண்டு அவளோடு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். பயமில்லாமல் போகவில்லை. அந்த நாட்களில் அங்கே போய் யாருக்காகவாவது பேசினால் பேசினவனும் திரும்பாமல் போவது உண்டு. நெடுநேரம் நிற்க வைத்துவிட்டு ஒரு அதிகாரி கூப்பிட்டார். வயதில் இளையவர், கண் சிவந்திருந்தது, பல நாள் தூங்காதவர் போல. மேஜை மேல் ஹாதிமின் வயர் கிடந்தது. பக்கத்தில் அவன் வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் அள்ளிவந்த சாமான்கள்: பற்றவைக்கிற கோல், ஈயச் சுருள், குறடு, பேட்டரிகள், மீட்டர்.

நான் இரண்டு வயரின் முனைகளையும் அருகருகே வைத்துக் காட்டினேன். இதிலும் மூன்று கால், அதிலும் மூன்று கால், இரண்டும் மைக்கில்தான் சேரும் என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இதுல கம்பெனி பேரு இருக்கு. அதுல எங்க இருக்கு?"

"அது அவரு கையால பண்ணது ஐயா."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் அதிகாரி. "கடையில கெடைக்கிற சாமானை ஒருத்தன் எதுக்கு வீட்ல உக்காந்து பண்ணணும்? இவ்வளவு நீளத்துக்கு?"

நான் ஜெனரேட்டர் இரைச்சலைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே பொய்யாகப் பட்டது. உண்மையைச் சொல்வதென்றால், குண்டுக்குப் பயந்து தள்ளி உட்கார்ந்தான் என்று சொல்ல வேண்டும். குண்டு வரும் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். விதாத் குறுக்கே பேசினாள். செத்தது என் தம்பி, என் புருஷன் என் தம்பியைக் கொல்வாரா என்றாள். இந்த ஊரில் இப்போது யார் யாரைக் கொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும் என்று அதிகாரி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஹாதிமை வெளியே விட ஒரு குளிர்காலம் போய் ஒரு வெயில்காலமும் போக வேண்டியிருந்தது. குற்றமற்றவன் என்று யாரும் சொல்லவில்லை. சிறையில் இடமில்லை என்று கூட்டமாக விட்டார்கள், அந்தக் கூட்டத்தில் அவனும் வந்தான். கையைப் பின்னால் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டு தோளும் போய்விட்டன. கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. விரல்களில் உணர்வு வந்து வந்து போயிற்று. தேநீர்க் குவளையை மேஜையில் வைத்தபடியே குனிந்து குடித்தான்.

சாதூனின் மனைவி நாஹிதாவும் அவள் வீட்டாரும் ஹாதிம்தான் செய்தான் என்று நம்பினார்கள். அவனே வைக்காவிட்டாலும் வைத்தவர்களுக்குத் தெரிந்தவன் என்றார்கள். விதாத் அந்தப் பேச்சை ஒருநாளும் ஏற்கவில்லை. அவள் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டாள், தலை சீவிவிட்டாள், சோற்றைப் பிசைந்து அருகில் வைத்தாள். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் நான் பார்க்கப் போயிருந்தேன். ஹாதிமே ஆரம்பித்தான், யாரும் கேட்காமல்.

"நான் அவனை வெளிய வான்னு சொன்னேன் விதாத்."

அவள் தைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"சொன்னீங்க. தெரியும்."

"அவன்தான் வரலை."

"அந்த வயரை அவ்வளவு நீளமா பண்ணீங்களே. மறுமுனையில ஒருத்தன் உக்காரணும்னு உங்களுக்குத் தெரியாதா? அது யாருன்னு தெரியாதா?" என்றாள். "போலீஸ்காரன் சொன்னது பொய். அதுக்காக இது பொய்யாயிடுமா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் சொன்னதில் தவறு என்ன என்று வழியெல்லாம் யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சில மாதம் கழித்து அவன் என் கடைக்கு வந்தான். எதிர்க்கடை பூட்டியே கிடந்தது. அதை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெடிமேட் வயர் ஒண்ணு குடு. எழுத்து பெருசா இருக்கிறதா பாத்துக் குடு."

"எவ்வளவு நீளம்?"

"இருக்கிறதுலேயே சின்னது."

எனக்கு ஏதாவது கேலியாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் கழித்து என் சரக்குக்கு வந்திருக்கிறான். மஞ்சள் வயர் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தேன். அவன் விரல் பிடிக்காமல் கீழே விழுந்தது. எடுத்து அவன் சட்டைக்குள் செருகிவிட்டேன்.

அவன் மறுபடி தொழிலைத் தொடங்கினான். இந்தப் பக்கம் அவனைத் தெரிந்தவர்கள் யாரும் கூப்பிடவில்லை, அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனான். சாமான் தூக்க ஒரு கூலியாளை வைத்துக்கொண்டான். கூடாரத்துக்குள் முல்லாவின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே ஆம்ப்ளிஃபயரை வைத்து உட்கார்ந்துவிடுவான். காப்பித் தட்டு வந்தால் தலையை அசைத்து மறுப்பான். கூடாரங்களில் அப்போதும் குண்டு வெடித்துக்கொண்டுதான் இருந்தது. அவன் உட்கார்ந்திருந்த எந்தக் கூடாரத்திலும் வெடிக்கவில்லை. ஒரு துக்க வீட்டில் நான் அவனைப் பார்த்தேன். வாசல் பக்கம் புதிதாக யாராவது நுழையும்போதெல்லாம் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை.

அவன் கூடாரத்துக்குள்ளேயே உட்காருவது விதாதுக்குத் தெரியவந்தது. எப்படி என்று தெரியாது. கடைக்கு வந்து, ரெடிமேடில் இருப்பதிலேயே நீளமானது எது என்று கேட்டாள். நான் எடுத்துப் போட்டேன். இதோடு இன்னொன்றைச் சேர்க்க முடியுமா என்றாள். பின்னோடு பின்னைச் சொருகினால் சேரும் என்று காட்டினேன். கம்பெனிப் பெயர் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாள்.

அவன் அவற்றை எடுக்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்தாள், சாமானோடு கூலியாளிடம் கொடுத்தனுப்பிப் பார்த்தாள், கடைசியில் ஒருநாள் தள்ளிப்போய் உட்காருங்கள் என்று வாய்விட்டுச் சொன்னாளாம். மறுமுனை பற்றி அன்றைக்கு நீ சொன்னது சரிதானே என்று அவன் பதில் சொன்னானாம். அதற்குப் பிறகு அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்ததோ, விதாத் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

அவன் சாவு குண்டில் வரவில்லை. சிறையில் வாங்கிவந்த இருமல் நெஞ்சில் தங்கி, வருஷா வருஷம் முற்றி, ஒரு மழைக்காலத்தில் படுக்கையில் போட்டது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வரிசையில் அவன் முறை வந்தபோது விதாத் அவனை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தாள். மருத்துவமனையில் கிடக்க அவனுக்கு இஷ்டமில்லை. வீட்டிலேயே உயிர் போனது.

துக்கக் கூடாரத்துக்கு நான் மைக் செட் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள் விதாத். அவன் செட்டே உள்ளே இருந்தது, அதையும் தொட விடவில்லை. வந்த முல்லாவுக்கு வயது அதிகம், தொண்டை சின்னது. முதல் இரண்டு வரிசைக்குத்தான் கேட்டது. வந்தவர்களும் அதற்கு மேல் அதிகம் இல்லை. சந்தைக்காரர்கள் சிலர், அவனோடு சிறையில் இருந்த ஒருவன், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர். விதாதின் சொந்தக்கார ஆண்களில் ஒருவரும் வரவில்லை.

மூன்றாம் நாள் பெண்கள் இருந்த உள்வீட்டுக்கு நாஹிதா வந்தாள் என்று என் மனைவி வந்து சொன்னாள். சாதூன் செத்ததிலிருந்து அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. உள்ளே வந்து, யாரையும் கட்டிக்கொள்ளாமல், கதவோரம் காலியாக இருந்த மெத்தையில் உட்கார்ந்திருக்கிறாள். விதாத் எழுந்துபோய்த் தன் கையாலேயே காப்பி கொடுத்திருக்கிறாள். பகை வைத்தவர்கள் எங்கள் ஊரில் துக்க வீட்டுக் காப்பியைத் தொடமாட்டார்கள். நாஹிதா வாங்கிக் குடித்தாள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள், எழுந்து போனாள். என்ன சொன்னாள் என்று என் மனைவியைக் கேட்டேன்.

கோப்பையில் ஒரு சொட்டு மிச்சமில்லை என்றாள்.